உலர்வுக் கணக்கு

மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது.
இரண்டடி விட வேண்டும், காற்றுக்கும் தணிக்கைக்கும்.
அடியில் கட்டை போட வேண்டும்.
அட்டிக்கு ஓர் அட்டை:
வந்தது, போனது, இருப்பது.
தச்சநல்லூர் அரிசிக் கிடங்கில்
பதினாறு வருஷமாக இதுதான் என் வேலை.

வீட்டில் இரண்டடிக்கு எங்கே போவேன்?
இரண்டு விரல் விட்டிருக்கிறேன்.

முதலில் ஏழு டிவிடி.
வண்ணார்பேட்டையில் கடையை மூடுகிறவன்
கத்தரிக்காய்போல் அள்ளிக் கொடுத்தது.
ஜவுளிக்கடைப் பையில் வந்து
டிவிக்குக் கீழே அடங்கிக் கிடந்தன.
அறுபதில் மசாலா டப்பாக்கள் இடம் மாறின.
முந்நூற்றைம்பதில் மாசானம் வந்து பலகை அடித்தான்.
ஆறே மாதத்தில் நடுவில் தொய்ந்தது.
"படம் இம்புட்டுக் கனக்குமாக்கா?"
அழுகைப் படங்களை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
எழுநூறில்,
இருநூறுக்கு மேற்பட்டதெல்லாம் பரணுக்கு ஏறியது.
சீர்வரிசைக் கொப்பரை இறங்கிக்
கட்டிலுக்கு அடியில் போனது.
இரவில் யார் புரண்டாலும்
அது ஒரு சத்தம் கொடுக்கும்.

ஆறுமுகநயினார், என் வீட்டுக்காரர்,
ஜங்ஷன் – பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டர்.
"ஏட்டி, இத்தனையையும் எப்பம் பாத்து முடிக்கப் போற?"
"கிடங்கு அரிசி அம்புட்டையும்
நானா பொங்கித் திங்கேன்?"

அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன்.
டப்பிங் படங்களுக்கு இரண்டு பெயர்.
வருஷ வரிசையில், அட்டையே பொய் சொன்னது.
நடிகர் வாரியாகப் பிரித்தால்
ஒருவருக்கே ஒரு தட்டு போதவில்லை,
இன்னொருவருக்கு ஒன்றே ஒன்று,
அதிலும் இடைவேளையில் செத்துப்போகிறார்.
கடைசியில் வந்த வரிசை.
வந்தவர் வந்த இடத்தில்.
எங்கள் கல்யாண டிவிடி நாற்பத்தொன்று.
இந்தப் பக்கம் பேய்ப்படம்,
அந்தப் பக்கம் போலீஸ்.

கார்த்திகையில் ஓர் இரவு
வாசனைதான் முதலில் எழுப்பியது.
ஈரச் சாக்கு எனக்குத் தெரியும்.
பரணின் மேற்கு மூலை கசிந்துகொண்டிருந்தது,
மணி இரண்டு.
கடைசி டிரிப் முடித்து வந்து
கால் வீங்கிப் படுத்திருந்தவர்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சாரத்தை மடித்துக் கட்டி ஸ்டூலில் ஏறினார்.

பத்துப் பத்தாகக் கை மாறியது.
"பேட்டை இறங்கு. சுத்தமல்லி விலக்கு இறங்கு.
பத்தமடையெல்லாம் முன்னால வா.
சேரன்மாதேவி, ஏ சேரன்மாதேவி,
வீரவநல்லூர் கொஞ்சம் பொறு, கால மிதிக்காத."
நான் வாங்கி வாங்கிக்
கட்டிலின் நடுவில் அடுக்கினேன்.
அங்கேதான் கிடைத்தது,
நாலு பக்கமும் சுவரிலிருந்து இரண்டடி.

அம்பையில் நிறுத்திவிட்டார்.
ஒரு டப்பாவைக் காதருகே ஆட்டினார்,
சில்லறைப் பையை ஆட்டுகிற மாதிரி.
"இதுல ஆள் இல்ல."

முந்நூற்றுப் பன்னிரண்டு.
பிரமு வாங்கிப் போய்
மேலே துடைத்துப் பளபளவென்று
திருப்பித் தந்த டப்பா.
அவள் திருப்பூருக்குப் போயே மூன்று வருஷம்.
நடுவில் பல் மட்டும் இருந்தது.
ஒவ்வொரு பங்குனியும் சரிபார்த்து
மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இருப்பு சரி, இருப்பு சரி, இருப்பு சரி.
எண்ணியதெல்லாம் டப்பாவை.

அரிசி காயும், எடை குறையும்.
யாரும் திருடவில்லை, எலியும் தின்னவில்லை.
அதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், உலர்வு.
நூற்றுக்கு இவ்வளவு என்று சர்க்காரே விட்டுக் கொடுக்கும்.
பேனாவைத் தேடினேன்.

"எழுதாத," என்றார் மேலிருந்து.
"ஒரு சீட்டு காலி, அம்புட்டுதான்.
அடுத்த ஸ்டாப்புல யாராவது ஏறுவாவ."

விடியும்வரை படங்கள் கட்டிலில் படுத்திருந்தன.
நாங்கள் தரையில், கொப்பரைக்கு அருகே.
அவர் புரண்டார்.
பக்கத்தில் கேட்டபோது
அது அவ்வளவு சின்னச் சத்தம்.