மூலப்பிரதி

மொஸ்கோவில் பல்வைத்தியம் படித்த
மகுடநாதன் கொண்டுவந்த இசைத்தட்டு.
பாடியவர்கள் லண்டன்காரர்,
உறை முழுக்க ரஷ்ய எழுத்து.
மூலநாடா அரசாங்கத்திடமும் இல்லையாம்,
பிரதியின் பிரதியில் அடித்ததாம்.

கல்லடி ரெக்கோர்டிங் பாரில்
முதல் கசெட் எனக்கு.
லேபிளில் பெயரைப் பார்த்து எழுதினேன்,
வரைந்தேன் என்பதே சரி.

பாலத்துச் சென்றியில் அந்த எழுத்தைக் கண்டவன்
நாடாவை உருவி
வெயிலில் பிடித்தான்.
மண்ணிறமாய் வாவி தெரிந்திருக்கும்,
வேறென்ன.

மறுகா பென்சிலால் சுற்றினேன்.
கிற்றார் ஏறுமிடத்தில் ஒரு கசங்கல்:
குரல் மூழ்கும், மூச்செடுத்து எழும்.
தட்டு அந்த மாரியிலேயே உடைந்தது.
ஊரெல்லாம் என்னுடையதில் எடுத்தார்கள்.

நேற்று காத்தான்குடி பஸ்ஸில்
முன்சீட்டில் ஒருவன் முணுமுணுத்தான்.
அந்த இடத்தில்
சரியாக மூழ்கினான்.