இருநூற்றைம்பது

ஆகஸ்ட். இரவு ஒன்பது மணி.
ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில்
இரும்புக் கதவைத் தொட்ட கையை
உதறிக்கொண்டே உள்ளே போனேன்.
பகலில் வாங்கிய வெயிலை
வட்டியோடு திருப்பித் தந்துகொண்டிருந்தது தகரம்.

நாற்பது வண்டிகள்
ஒரே பக்கம் சாய்ந்து நின்றன,
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்
ஒற்றைக்காலில் பாரம் போட்டு நிற்பதுபோல.

லைசென்ஸ் கைக்கு வந்து பதினோரு நாள்.
நான்காவது டெஸ்ட்டில் கிடைத்தது.
மூன்றாவதில், எட்டுப் போடும்போது
ஒரு கூம்பை இடித்துத் தள்ளினேன்.
"கலாஸ்" என்றார் அதிகாரி.
நாற்பத்திரண்டு வயதில் தோற்பது புதிதா என்ன.
ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது
இடது கை விரல்கள் மடியில்
இல்லாத கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டன.
அது எனக்குப் பிடித்திருந்தது.

குல் ஜமான் சிவப்பைத் தட்டிக் காட்டினான்.
அறுநூறு சிசி. ஒரே ஓனர். "ராக்கெட், மேடம்."
ஏறினேன்.
குதிகால் இரண்டும் அந்தரத்தில்.
மேல்தட்டு இருமல் சிரப்புக்கு எக்குவதுபோல்
பெருவிரல் நுனியில் நின்றேன்.
அவன் ஸ்டார்ட் செய்தான்.
விலா எலும்புவரை ஒரு குரல் ஏறி வந்தது.
பொய் சொல்வானேன், ஆசைதான்.
பத்தொன்பது வருடமாக
மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால்
"சாப்பாட்டுக்குப் பின், இரண்டு வேளை" என்ற வாய்
கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.

பிறகு வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது.
லேசாகத்தான்.
இருநூறு கிலோவுக்கு லேசு என்றால் என்னவென்று
என் தொடை எலும்பு அப்போது தெரிந்துகொண்டது.
அவன் தாங்கிப் பிடித்தான்.
ஒன்றுமே நடக்காததுபோல இருவரும் சிரித்தோம்.

கால் பாவாததைப் பேய் என்பார்கள்.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து,
இன்னும் இரண்டு வருடம் நிற்க அனுமதி வாங்குகிறவளை
என்னவென்பார்களோ.

கடைசி வரிசையில்
சாம்பல் நிறத்தில் ஒரு இருநூற்றைம்பது.
டேங்க்கில் கட்டைவிரல் அளவு நசுங்கல்.
உட்கார்ந்தேன்.
இரண்டு பாதமும் முழுசாக, குதிகாலோடு.
ஷூவைத் தாண்டி சிமெண்ட் தரையின் சூடு தெரிந்தது.
எழுந்திருக்கத் தோன்றவில்லை.

எழுந்தேன். குனிந்து டயரைப் படித்தேன்.
தானமாக வந்த மாடில்லையே,
பல்லைப் பிடித்துப் பார்க்க என்ன கூச்சம்.
விளிம்பில் நான்கு இலக்கம்:
எந்த வாரம், எந்த வருடம்.
அட்டை, குப்பி, களிம்பு எதைத் தொட்டாலும்
முதலில் தேதி தேடுகிற விரல் இது.
"பாய், இது காலாவதி."
"காற்று நிற்கிறதே, மேடம்."
"காலாவதியான மாத்திரையும் வெள்ளையாகத்தான் இருக்கும்."
நானூறு திர்ஹம் இறங்கினான்.
புது டயர் இரண்டும் அவன் செலவு.
செயினைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை,
நானும் கேட்க மறந்தேன்.
அந்தச் செலவு பிறகு வந்தது.

பின்பக்கக் கம்பியில் நான்கு துளைகள்.
டெலிவரிப் பெட்டி முடுக்கியிருந்த இடம்.
"அடைத்து பெயிண்ட் அடித்துவிடவா?"
நள்ளிரவில், ஹெல்மெட் பதிந்த நெற்றியோடு
முதுகுவலித் தைலத்தின் விலை கேட்டு,
சின்ன டப்பா உண்டா என்று கேட்டு,
சில்லறை எண்ணுகிறவர்களில் ஒருவன்
இதை ஓட்டியிருக்கலாம்.
ஓட்டாமலும் இருக்கலாம்.
"இருக்கட்டும்" என்றேன்.

மறுவாரம் முல்கியா வந்தது.
அமலோற்பவம் சவரிமுத்து என்பதில்
கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி இரண்டு எழுத்து வெளியே நின்றுவிட்டன.
பரவாயில்லை, நம்பர் பிளேட் முழுசாக இருந்தது.

முதல் ரவுண்டபவுட்டிலேயே அணைந்துபோனது.
பின்னால் சிமெண்ட் லாரி.
ஹாரன் வரும் என்று தோளைக் குறுக்கினேன்.
வரவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்:
ஸ்டீயரிங் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான் ஒருவன்.
இரண்டு காலையும் ஊன்றினேன்.
நியூட்ரல் தேடினேன்.
பச்சை எரியவில்லை.
இன்னொரு மிதி.