கறை உள்பக்கம்

காலையில் கடல் பக்கம்,
மத்தியானத்துக்குப் பிறகு வாவிப் பக்கம்.
எங்கள் தொழிலில் வேதம் இவ்வளவுதான்.
வெயில் பிடித்த கண்ணாடியைத் தொடாதே.
தொட்டால்
ரப்பர் வந்து சேருமுன்னே
சவர்க்காரம் காய்ந்துவிடும்,
தேமல் தேமலாய் வெள்ளை விழும்.
அதைக் கழுவ இன்னொரு தண்ணீர்.
அதுவும் காயும்.

ரிஸ்மின் சேருக்கும் இது தெரியும்.
தெரிந்தும்,
பதினொரு மணிக்கு யாரோ பெரிய ஆட்கள் வருகிறார்களாம்,
காரை விட்டு இறங்கினதும் அண்ணாந்து பார்ப்பார்களாம்,
"கிழக்கை இப்பவே முடி" என்றார்.

ஏப்ரல் ஆறாம் திகதி. ஒன்பது மணி.
கொள்ளுப்பிட்டியில் ஒரு காகம்
ஏசிப் பெட்டிக்கு அடியில் ஒதுங்கி
வாயைத் திறந்தபடி நின்றது.
உபுல் மொட்டைமாடியில் கயிறு பார்த்தான்.
நான் பலகையில் குந்தி இறங்கினேன்.
இடுப்புக் கொளுக்கி தொட்ட இடமெல்லாம் சுட்டது.
வாளித் தண்ணீரில்
பிளேன்டீ போட்டிருக்கலாம்.

என் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் பேரை வாவி
முழுசாய் முன்னால் தெரிந்தது,
அன்ன வடிவப் படகுகளோடு.
அதன் நடுவே
தொப்பிக்குள் ஈரத்துவாய் செருகிய ஒருவன்.
அவனைத்தான் நாள் முழுக்க துடைக்கிறேன்,
போகமாட்டான்.

பதினோராம் மாடி.
வாவிக்குள் இருந்து ஒரு கை வந்து தட்டியது.
கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்தேன்:
கம்பளிச் சட்டை போட்ட ஒரு மிஸ்.
(இந்த வெயிலில். கம்பளி.)
விரலால் ஓரிடத்தைக் காட்டினார்.
மஞ்சளாய் ஒரு கறை,
சோற்றுக் கையால் யாரோ தொட்ட மாதிரி.

துடைத்தேன்.
மறுபடி காட்டினார்.
நகத்தால் சுரண்டினேன்.
தலையை ஆட்டினார், இல்லை, இன்னும் இருக்கிறது.
இருக்கும்தானே மிஸ்,
அது உங்கள் பக்கம்.

கத்திச் சொன்னேன். தடித்த கண்ணாடி.
என் குரல் எனக்கே திரும்பி வந்தது, சூடாக.
சைகை காட்டினேன்,
தன்னை உள்ளே போகச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ,
முகம் சுருங்கியது.

சவர்க்கார நுரையில் விரலை நனைத்தேன்.
சிங்களம் வாய்க்கு வரும், விரலுக்கு வராது,
பஸ் பலகை வாசிக்கிற அளவுதான்.
இங்கிலீசில் எழுதலாம்,
எழுத்தைத் திருப்பிப்போட அது போதாது.
ஆகவே தமிழ்.
வலமிருந்து இடமாக,
உ-வைப் புறமுதுகு காட்டவைத்து,
ளே-யின் கொம்பை வலப்பக்கம் நட்டு,
'உள்ளே'.

எழுதி முடிய முதலே
உ காய்ந்துவிட்டது.

அவர் பார்த்தார்.
உதடு அசைந்ததா, கொட்டாவியா,
வாவியின் வெளிச்சத்தில் தெரியவில்லை.
பிறகு தன் சுட்டுவிரலை நாக்கில் தொட்டு
கறையைத் தேய்த்தார்.
போய்விட்டது.
ஐயோ என்று வாயைப் பொத்தினார்.
சிரித்தேன். சிரித்தார்.
உடனே விரல் மறுபடி கண்ணாடிக்கு வந்தது:
அப்போ, இது?

நான் எழுதினது.
சுண்ணாம்புபோல் பிடித்திருந்தது.
தண்ணீர் ஊற்றினேன், காய்ந்தது.
வினாகிரி தடவினேன், காய்ந்தது.
கீழே ரிஸ்மின் சேர் கையை வீசினார்.
பெரிய ஆட்கள் வந்தார்கள்,
இறங்கினார்கள்,
வெயிலுக்குக் குனிந்தபடி உள்ளே ஓடினார்கள்.
ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு
சூரியன் சரியாய் உச்சிக்கு ஏறியது.
கொழும்பில் வருசத்துக்கு இரண்டு முறைதான் இப்படி.
அந்தப் பத்து நிமிடம்
அவன் கிழக்குமில்லை, மேற்குமில்லை,
எந்தச் சுவரும் அவனுக்குச் சொந்தமில்லை.
கீழே ரோட்டில்
லொத்தர் விற்கிறவரின் நிழல்
அவர் செருப்புக்குள் போயிருந்தது.
என் நிழல் பலகைக்கு மேலேயே,
என் மடியில்.

நனைத்தேன். காயவில்லை.
ரப்பரை ஒரே இழுவையாய் இழுத்தேன்.
உ போனது. ள் போனது.
கம்பளிச் சட்டை கதிரையில் கிடந்தது,
ஆள் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.
கொம்பு மட்டும் லேசாய் நின்றது,
சரிந்து பார்த்தால்தான் தெரியும்.
இன்னொருமுறை இழுக்கலாம்.

"பஹலட்டத?" என்று உபுல் மேலிருந்து கேட்டான்.
ஓம், கீழே விடு என்றேன்.
பத்தாம் மாடி.