எதிர்த்திசை வண்டி

மாலை ஆறேகாலுக்குப் பார்க் ஸ்டேஷனில்
தாம்பரம் வண்டிக்கு நிற்பவர்கள் நிற்கட்டும்.
நான் எதிர் பிளாட்பாரத்தில்
பீச் போகும் வண்டியில் ஏறுகிறேன்.
வீடு குரோம்பேட்டையில்.
இரண்டு ஸ்டேஷன் தப்பான பக்கம் போனால்தான்
ஜன்னலோரம் கிடைக்கும்.
சீசன் டிக்கெட்டை அதற்காகவே பீச் வரை எடுத்திருக்கிறேன்.
அந்தக் கூடுதல் காசுக்கு
ஆப்ஷன் வாங்குகிறவர்கள் பிரீமியம் என்பார்கள்.

பகலெல்லாம் எனக்குக் கோடுதான் வேலை.
பெரியமேட்டு லேபில் ஈ.சி.ஜி. எடுக்கிறேன்.
குளிர்ந்த ஜெல், பத்து ஒயர்,
"பேசாம படுங்க, ஒண்ணும் செய்யாது."
சாப்பாட்டு வேளையில் செல்போனில் இன்னொரு கோடு.
பேர் ஆர்.எஸ்.ஐ.
எழுபதைத் தாண்டினால் ஆசை முற்றிவிட்டது,
முப்பதுக்குக் கீழே போனால் பயம் முற்றிவிட்டது.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

போன ஆடியில் ஒரு சிமென்ட் கம்பெனி.
இருபத்தெட்டில் வாங்கினேன்,
இனிமேல் எங்கே விழப்போகிறது என்று.
இருபத்திரண்டில் இன்னும் கொஞ்சம்.
பதினேழில் பிள்ளையின் டேர்ம் ஃபீஸ்.
கோடு பதினேழிலேயே ஒன்பது நாள் படுத்துக் கிடந்தது,
விலை மட்டும் தினம் ஒரு படி இறங்கிக்கொண்டே இருந்தது.
முப்பதுதான் தரை என்று எவரும் எழுதித்தரவில்லை.
சென்ட்ரல் மெட்ரோ மாதிரி
தரைக்குக் கீழேயும் தளங்கள்.
நாற்பத்தோராயிரம்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
இங்கே எழுதினால் சொன்னதாகாது.

பிறகுதான் வேறு மாதிரிப் பார்க்கப் பழகினேன்.
விலை முந்தைய பள்ளத்தைவிடக் கீழே போகும்,
கோடு கூடப் போகாது.
பாதியில் நின்று
நீ போ, நான் வரலை என்கும்.
அழுகை ஓய்வதற்கு முன்னால் விசும்பல் சிறுக்கும்,
பிள்ளை வளர்த்தவளுக்கு இது புதிதில்லை.

பொங்கலுக்கு மறுவாரம் அப்படி ஒன்று வாய்த்தது.
பத்தே பங்கு. நாலு ரூபாய் கீழே ஸ்டாப்லாஸ்.
சரியாக அந்த நாலு ரூபாயைத் தொட்டு
என்னை இறக்கிவிட்டு
அதே மதியம் திரும்பி ஏறியது,
தெரிந்தவர் தெருவில் முகம் திருப்பிக்கொள்வதைப் போல.
நஷ்டம் நாற்பது ரூபாய்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பீச்சில் வண்டி நிற்கிறது.
டிரைவர் தோள்பையும் பிளாஸ்க்குமாக இறங்கி
பிளாட்பாரத்தின் நீளம் முழுக்க நடந்து
மறுகோடிக்குப் போகிறார்.
அவர் நடந்து முடிக்கும் வரை
வண்டிக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.
துறைமுகத்திலிருந்து நிலக்கரி வாசனை வருகிறது.

சில நாள் ஒலிபெருக்கி சொல்லும்,
இந்த வண்டி பணிமனைக்குப் போகிறது என்று.
இடம் பிடித்தவர்கள் எல்லாரும்
ஒருவரையொருவர் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம்.

இன்று சொல்லவில்லை.
எதிர்சீட்டுக்காரர் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.
கோட்டை. பிறகு பார்க்.
நின்றவர்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள்.
ஒரு பெண்ணின் டிபன் பை என் முழங்காலில் இடிக்கிறது.
"எங்க ஏறினீங்க, ஜன்னல் சீட்டே கெடச்சிருக்கு?"
இங்கேதான், என்கிறேன்.
அவள் நம்பவில்லை.