ஐம்பத்து மூன்று நிமிடம்

ஜனவரி ஒன்பதாம் தேதி இரவு
மலை தன் ஒரு தோளைச்
சாலைமேல் இறக்கி வைத்தது.
யாருக்கும் அடியில்லை.
தபால் வண்டி மட்டும் ஏரி விளிம்பில் நின்று
விடியும்வரை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்ததாம்.

மறுநாள் மஞ்சள் பலகை.
மேலே வெல்ஷில் 'ஆர் கை',
கீழே அதையே ஆங்கிலத்தில்: மூடியிருக்கிறது.
மார்ச்சில் திறக்கும் என்றன இரண்டு மொழியும்.
மார்ச்மேல் ஓர் ஒட்டுத்தாள் வந்தது: ஜூன்.
ஜூன்மேல் இன்னொன்று.
ஆகஸ்ட் மழை எல்லாத் தாளையும் உரித்துப்போட
மறுபடி மார்ச் ஆயிற்று.
விழுந்து விழுந்து சிரித்தவள் நெஸ்ட்டாதான்.
அவள் கடை தடுப்புக்கு இந்தப் பக்கம்,
வாடிக்கை முழுக்க அந்தப் பக்கம்.

பல்கலைக்கழகம் பதினோரு நிமிடம்.
இப்போது மலையைச் சுற்றி ஐம்பத்து மூன்று.
அந்தத் திருப்பங்களில் பேருந்து வளையாது.
என்னிடம் கார் இல்லை.
கெத்தினிடம் இருந்தது,
நாய் வாசத்தோடு.

அவர் அங்கே தரை துடைக்கிறவர்.
ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார்.
எனக்கு வகுப்பு ஒன்பதுக்கு.
முதியோர் இல்லத்தில் இரவுவேலை முடித்துச்
சீருடை மாற்றாமலே ஏறிக்கொள்வேன்.
பெட்ரோலுக்கு வாரம் எட்டு பவுண்டு.
பேச்சு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

மூன்றாம் வாரம்
ஆட்டு மந்தை மறித்த இடத்தில்
என் மடியிலிருந்து படிப்பு அட்டையை எடுத்தார்.
"மணிக்கட்டில் எத்தனை எலும்பு?"
எட்டு.
"பேர்?"
படகு, பிறை, முப்பட்டை, பட்டாணி...
அதற்குமேல் தூக்கம்.
ஆடுகள் போய்விட்டன.
பின்னால் தபால் வண்டி ஹாரன் அடித்தது.
அவர் வண்டியை எடுக்கவில்லை.
"இன்னும் நாலு" என்றார்.

பிப்ரவரி முழுக்க முதுகெலும்பு.
கல்லறை வளைவில் கழுத்துக்கு ஏழு,
பன்றிப் பண்ணை தாண்டும்வரை மார்புக்குப் பன்னிரண்டு,
செங்குத்து இறக்கத்தில் இடுப்புக்கு ஐந்து.
இன்றும் அந்த ஐந்தை எண்ணும்போது
என் கால் இல்லாத பிரேக்கைத் தேடும்.
லத்தீன் பெயர்களை அவர் வெல்ஷாக உருட்டி வாசிப்பார்.
வாய்மொழித் தேர்வில் நானும் அப்படியே உருட்ட
எந்த ஊர் என்று கேட்டார் பேராசிரியை.
பத்து மைல்தான், என்றேன்.

ஏப்ரலில் ஒரு பரீட்சை போயிற்று.
ஒற்றையடிப் பாலத்தில் டிராக்டர் குறுக்கே சாய்ந்திருந்தது.
படிவத்தில் 'தாமதத்தின் காரணம்' என்ற கட்டத்தில்
மலை
என்று எழுதிக் கொடுத்தேன்.
ஏற்கவில்லை.
அன்று திரும்பும்போது
நான் அழுதேன், அவர் வானொலியை வைத்தார்,
வானிலை அறிக்கையைச் சத்தமாக.

மே மாதம், கேட்காமலே,
ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினார்.
கல் குவாரியில் விழுந்ததாம். முழுக்க மடங்காது.
கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்திப் பார்த்தேன்.
பல்லைக் கடித்தார்.
படகுதான். உடைந்தது சரியாகக் கூடவில்லை.
"முப்பது வருஷமாப்
பேர் தெரியாமலே வலிச்சிருக்கு" என்றார்.
அப்புறம் அந்தப் பேரை
மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்,
ஒவ்வொரு முறையும் வேறு உச்சரிப்பில்.

நவம்பரில் திறந்தார்கள்.
நாடா வெட்ட வந்தவர்
சுற்றுவழியாக வந்ததில் தாமதம்;
மேளக்காரப் பையன்களுக்கு விரல் விறைத்துப்போயிற்று.

இப்போது இரவுவேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கி
எட்டரைப் பேருந்து பிடிக்கிறேன்.
பதினோரு நிமிடத்தில்
ஓர் அட்டைகூட முடிவதில்லை.
கெத்தின் எப்போதோ போயிருப்பார்.
ஏரி அழகாகத்தான் இருக்கிறது.

நேற்றுத் தாழ்வாரத்தில் மஞ்சள் பலகை,
ஈரத் தரை, இரண்டு மொழியிலும்.
பலகைக்கு அந்தப் பக்கம் அவர்.
எனக்கு வகுப்புக்கு இரண்டு நிமிடம் இருந்தது.
துடைப்பக் கம்பைக் குறுக்கே நீட்டினார்.
"பாதத்தில்?"
இருபத்தாறு.
"பேர்?"