முதல் செவ்வாய்

கிரிம்ஸ்பி. செப்டம்பர். கல்லூரியின் பின்வாசல்.
முன்வாசல் எங்கே என்று கேட்கக் கூச்சம்.

படிவத்தில் ஒரு கட்டம்:
இந்தப் படிப்பில் சேரக் காரணம்?
இருபத்தாறு வருடம் மீன் வெட்டினேன்,
ஆலையை மூடிவிட்டார்கள் என்றெழுதக்
கட்டம் போதாது.
முட்டி வலி என்று எழுதினேன்.

உடற்பயிற்சியும் நலமும், அடிப்படை நிலை.
பதினான்கு பேர். பதின்மூன்று பேர்
என் மகளைவிடச் சின்னவர்கள்.
தோலில்லாத மனிதனைச் சுவரில் மாட்டினார் லின்சி டீச்சர்.
சிவப்புச் சதை, வெள்ளை நார்.
சில பிள்ளைகள் முகம் சுளித்தார்கள்.
காட் மீனை விரித்தவனுக்கு இதென்ன புதிது?
தோளுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு தசைக்கும்
பெயர் உண்டாம், அதுதான் புதிது.
அதில் ஒன்றோடு பதினோரு வருடம்
பெயர் தெரியாமலே சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு நாடி எண்ணும் பாடம்.
பக்கத்து நாற்காலி காட்ஸ்பர், வயது பதினேழு,
உதட்டின்மேல் மீசைக்கான முயற்சி.
இரண்டு விரலை என் மணிக்கட்டில் வைத்தான்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.
"இல்லையே" என்றான்.
"தேடு, இருக்கும்" என்றேன்
அவ்வளவு உறுதியில்லாமல்.

மாவிஸ் போனபின்
இந்தக் கையை இவ்வளவு நேரம் யாரும் பிடித்ததில்லை.
பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்;
சொல்லவில்லை.

"எண்பத்தெட்டு.
ஓய்வில் இருக்கும்போது இவ்வளவு வரக் கூடாதாமே?"
ஓய்வில் இல்லை தம்பி, என்றேன்.

பஸ் நிறுத்தத்தில்
ஈரக் காற்றில்
நானே விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்றில்
பஸ் வந்துவிட்டது.