மூன்றாவது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
காங்கேயம் ரோட்டில் எலாஸ்டிக் கடைக்கு மேல்மாடி.
அரைமணி வாசிப்பு, அரைமணி தியானம்.
வாசிப்பு எதுக்குங்க என்பேன்.
வாரம் பூராவும் லேபிளும் டேக்குமாக
எழுத்து பார்த்த கண்,
இங்கேயாவது மூடிக் கிடக்கட்டும்.
துளசிமணி சிரிப்பாள், பக்கத்தைப் புரட்டுவாள்.

நுகர்வு மூன்று என்றிருந்தது அதில்:
இனிப்பது, வலிப்பது,
இரண்டும் அல்லாதது.
மூன்றாவதை யாரோ கணக்குக்குச் சேர்த்திருக்கிறார்கள்
என்று விட்டுவிட்டேன்.

செக்கிங்கில் சேர்ந்த புதுசில்
லைட் டேபிள்மேல் துணி
பால்போலத்தான் ஓடும்.
நீடில் லைன் என்று ஃபிட்டர் பேர் சொன்ன அன்றைக்கே
மயிரிழையாய் அது கண்ணில் பட்டது.
அதற்கு முந்தி எத்தனை ரோல்
பாஸ் போட்டு அனுப்பினேனோ.

போன வாரம் உட்கார்ந்திருந்தேன்.
முட்டி வலித்தது, தெரிந்தது.
ஜன்னலில் காற்று; சுகம், அதுவும் தெரிந்தது.
அப்புறம்
தொடைமேல் கிடந்த என் கை.
வலியில்லை. சுகமில்லை.
சும்மா இருந்தது, கைபாட்டுக்கு.

இந்த இடத்தில்தான்
இத்தனை மாசமும் மனசு எழுந்துபோயிருக்கிறது,
சீட்டுப் பாக்கிக்கு,
சனிக்கிழமைச் சம்பளத்துக்கு,
மச்சான் பேசின பேச்சுக்கு.
ஆளில்லாத வீடென்று நினைத்து
வாசலோடு திரும்பியிருக்கிறேன்.

மணி அடிக்கப் பொறுக்கவில்லை.
"எந்தப் பக்கமுங்க அது?"
என்று கேட்டேவிட்டேன்.

கண் திறக்காமலே துளசிமணி,
"உட்காருங்க" என்றாள்.